எல்லை மரம்

ஜூன் 3
வனத்துறை விதைக் கொட்டகையில் கூம்பு பிரித்துக்கொண்டிருந்தபோது நில மத்தியஸ்தர் வந்தார். எங்கள் தாய்வழிக் குலமும் கெதிசாவின் குலமும் ஒப்புக்கொண்ட பழைய பேச்சு ஒன்றுதான்: எல்லை ஒரு கிளிங்கி பைன் மரம். ஆனால் நிற்பதோ இரண்டு நெட்டை மரங்கள், நடுவே ஒரு தோட்டம். எங்கள் நிலம் மேட்டுக்கு மேலே, அவர்களுடையது ஓடைக்குக் கீழே. ஓடையோர மரம் கிளிங்கி என்றால் தோட்டம் எங்களுக்கு. மேட்டு மரம் என்றால் கெதிசா குலத்துக்கு. மேட்டுக்குச் சற்றுக் கீழே, அந்தத் தோட்டத்தில்தான் அம்மாவின் கல்லறை.

"நீ பார்த்துச் சொல்லும்மா. உன் சொல்லை ரெண்டு பக்கமும் ஏத்துக்கிறாங்க."

ஏன் தலையாட்டினேன்?

ஜூன் 4
அம்மாவின் தம்பி யாலிங் மாமா, சுட்ட சர்க்கரைவள்ளியோடு வந்தார்.

"ஓடை மரம் கிளிங்கின்னு சொல்லிடு."

"பார்க்காம எப்படி மாமா?"

"பார்த்துட்டே சொல்லேன், யாரு வேணாம்னா?" சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 6
ஓடை மரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிதான் மிச்சம். அடிப்பட்டை பழைய தீயில் கருகிவிட்டது. கீழே, விரல் நீளத்தில், அகன்ற தட்டை இலைகளோடு கொத்துகள். கிளிங்கியேதான்! நெஞ்சு குளிர்ந்துபோனது. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். காம்பு கத்தியால் வெட்டப்பட்டிருந்தது, தானாக உதிர்ந்ததல்ல.

சருகைக் கிளறினேன். ஊசி மாதிரிச் சின்ன இலைகள். கிளி கடித்துப் போட்ட கூம்பு உள்ளங்கைக்குள் அடங்கியது. கிளிங்கிக் கூம்புக்கு இரண்டு கை வேண்டும். இது வேறு பைன், ஹூப் பைன். மேட்டில் ஏறிப் பார்த்தேன். அங்கே அகன்ற இலைக் கொத்துகள் கணுவில் தானாகக் கழன்று கிடந்தன.

மாமா, ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?

ஜூன் 7
அம்மா, நீ இருந்தா என்ன சொல்லச் சொல்லுவ?

ஜூன் 9
ஓடை மரத்தடியில் கூட்டம். சொல்லிவிட்டேன் — மேட்டு மரம்தான் கிளிங்கி. வெட்டிய கொத்துகளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"பெத்தவளையே தூக்கிக் குடுத்துட்டாளே!" மாமா கத்திக்கொண்டே போய்விட்டார். கெதிசா குனிந்து ஒரு கொத்தை எடுத்தார். வெட்டைத் தடவினார். மாமா போன வழியைப் பார்த்தார். பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஜூன் 13
மாமா வீட்டுக் கதவு திறக்கவில்லை.

ஜூன் 24
எல்லை நட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேட்டு மரத்திலிருந்து, எல்லைக்கென்று நடும் சிவப்புத் தங்கெட் செடிகள் நேராக வந்து, கல்லறைக்கருகே கீழே இறங்கி, அம்மாவைச் சுற்றி வளைந்து, மறுபடி மேலேறிப் போயின. அம்மா எங்கள் பக்கம்.

மாமா அங்கே களை பிடுங்கிக்கொண்டிருந்தார். "கெதிசாதான் வளைச்சு நடச் சொன்னான்" என்றார். "அந்தக் கொத்தையும் எங்கிட்டயே குடுத்துட்டான். ஒரு வார்த்தை கேக்கல."

அழுதார். நானும்தான்.

வளைவில் ஒரு செடிக்கு இடம் விட்டிருந்தது. "இது உனக்கு" என்று நீட்டினார். நட்டேன்.