வளாக வாசலில் நம் பியட்

திண்டுக்கல்
ஜனவரி 9, வெள்ளி

அன்புள்ள சார்லஸ்,

அந்த ஊர்க் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். மாதாவின் தயவில் இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவின் பையைத் திறந்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த காக்கிச் சட்டையை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டேன், அப்புறம்தான் அடுப்பையே பற்ற வைத்தேன். அப்பா எழுந்து வந்து அதைப் பார்த்தார், ஈரத்தோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வழக்கம்போல வெள்ளைச் சட்டையில் கிளம்பிப் போனார். உனக்கு ஒன்றும் புரியாது, போனில் சொல்லலாம் என்றால் அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருந்த வரிசையை இடித்தார்களே, அங்கே கட்டிய வணிக வளாகத்தைக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் திறந்துவிட்டார்கள். பாத்திரக்கடை, டெய்லர் கடை எல்லாம் போய் இப்போது கண்ணாடியும் ஏசியும்தான், நம் கடை இருந்த இடத்தில் நகரும் படிக்கட்டு ஓடுகிறது. கூட்டம் சேர்க்க வாசலில் ஐந்து பழைய கார்களை நிறுத்தியிருக்கிறார்கள். வளாகத்து மேனேஜர் முகேஷ்குமார் வீட்டுக்கே வந்து, பொங்கல் வரைக்கும் உங்க பியட்ட குடுங்க அங்கிள் என்று கேட்டான். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டாலும் அந்த வண்டியை இல்லை என்று சொன்னதே கிடையாது, பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்காமல் தானே ஓட்டிப்போய்ப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இறக்கிவிட்டு வருவார். இதையும் ஒரு கல்யாண வீடு என்றே நினைத்துவிட்டார். வண்டிக்கு ரிப்பன் கட்டினார், மெக்கானிக் ஜமால் முகமது அண்ணன் வந்து இரண்டு நாள் போராடிக் கிளப்பினார். வளாக வாசலில் ஏற்றும்போது நாலு சக்கரத்துக்கும் அவர் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டிக்குள் அந்தோணியார் படம் இருக்கும்போது எதற்கு அண்ணே என்றால், அவரு உள்ள பாத்துக்கிருவாரு தங்கச்சி, வெளிய யாரு பாக்குறது என்கிறார். பழம் நசுங்கிய சாற்றை யாரும் துடைக்கவில்லை, மறுநாள் பார்த்தால் வெள்ளைத் தரையில் நாலு கறை. முகேஷ்குமார் தலையில் கைவைத்துக்கொண்டு, இத்தாலி மார்பிள் அங்கிள் என்று புலம்பியிருக்கிறான். வண்டியும் இத்தாலிக்காரந்தானப்பா, ரெண்டும் பேசித் தீத்துக்கிரும் என்றாராம் ஜமால் அண்ணன். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அந்தக் கறையை நினைத்து நினைத்துக் குறுகிப்போனார். அந்த நேரம் பார்த்து முகேஷ்குமார் ஒரு காக்கி உடுப்பும் தொப்பியும் கொண்டுவந்து, பழைய காலத்து டிரைவர் மாதிரி வண்டி பக்கத்துல நில்லுங்க அங்கிள், ஜனங்களுக்குப் பிடிக்கும் என்றிருக்கிறான். அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

இந்த உடுப்பு விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. வண்டியப் பாத்துக்க ஆள் வேணும்ல என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். போன சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தேன். வண்டி முன்னால் 1948 என்று பலகை, அதற்கே இருபது வயதைக் கூட்டிவிட்டார்கள். பக்கத்தில் அப்பா தொப்பியோடு நிற்கிறார், பிள்ளைகள் கேட்கக் கேட்க ஹாரன் அடிக்கிறார். என்னோடு வேலை பார்க்கும் புவனேஸ்வரி டீச்சர் குடும்பத்தோடு வந்திருந்தாள். போட்டோ எடுக்க வசதியாக, டிரைவரண்ணே, செத்த நேரம் இதப் பிடிங்க என்று துணிப்பைகளை அவர் கையில் கொடுத்தாள். நம் வீட்டில் ஈஸ்டருக்கு உட்கார்ந்து சாப்பிட்டவள், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டு பைகளைப் பிடித்தபடி நின்றார். நான் ஜூஸ் கடை ஓரத்தில் நின்றிருந்தேன் சார்லஸ். பத்து எட்டு நடந்து போய் இவர் என் வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி அவர், ஒரு நாள் நீ வந்து பாரேன் நான்சி என்றபோது பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று பொய் சொன்னேன்.

இப்போது ஒரு வருஷத்துக்கு வண்டி அங்கேயே நிற்க வேண்டுமாம், உடுப்புப் போட்ட டிரைவரோடு. அதற்கு ஒரு தாள் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். வண்டி உன் தாத்தா எனக்குக் கொடுத்தது, ஆர்.சி. புத்தகம் என் பெயரில் இருக்கிறது, அதனால் கையெழுத்து நான்தான் போட வேண்டும். திங்கட்கிழமை கேட்டிருக்கிறார்கள். அப்பா அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, உன் இஷ்டந்தாம்மா, வீட்ல சும்மா உக்காந்திருக்கதுக்கு இது தேவலதான என்றார், என் முகத்தைப் பார்க்காமல். கடை மூடியதிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை சவரம் செய்தவர் இப்போது தினமும் செய்கிறார், பசித்துச் சாப்பிடுகிறார், அதுவும் உண்மைதான். ஆனால் பகல் முழுக்க உட்காரக்கூடாதாம், சாயங்காலம் கால் வீங்கி வருகிறது, வெந்நீர் வைத்துக் கொடுத்துக் கொடுத்து எனக்கே அலுத்துவிட்டது. வேண்டாம் என்று நான் நினைப்பது அவருக்காகவா, புவனேஸ்வரி நாளைக்கு அடையாளம் கண்டு ஸ்டாஃப் ரூமில் பேசுவாளே என்பதற்காகவா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். இரண்டும்தான், மறைப்பானேன்.

நீ பணம் அனுப்பவோ கிளம்பி வரவோ வேண்டாம், இதற்காக வேலையில் கவனத்தை விடாதே. வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாமல் சோறு பொங்கிச் சாப்பிடு, ஞாயிறு பூசைக்குப் போ. அப்பாவிடம் பேசும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும் அப்பு.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. அப்பாவிடமோ ஜமால் அண்ணனிடமோ இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், எங்கப்பா எனக்குக் கொடுத்த வண்டியைத் தர மனசில்லை என்று அந்தப் பையனிடம் எல்லார் முன்னாலும் சொல்வேன். அப்பா தானாக ஒருநாளும் இல்லை என்று சொல்ல மாட்டார். என் மேல் கோபப்படுவார், பிடிவாதக்காரி என்று பத்துப் பேரிடம் சொல்வார், சொல்லட்டும்.

உன் அம்மா,
நான்சி