கொழுந்துக் கறைக்காக வந்தேன், அக்கா

என் தவமணி அக்காவுக்கு,

அன்றைக்கு நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது இதுதான்: "அக்கா, யாரையும் கை கழுவச் சொல்லியிருக்க வேணாம். நான் அந்தக் கறைக்காகத்தான் வந்தேன்." சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதும். நான் சொல்லவில்லை.

நீ போய் எட்டு மாதமாகிறது. எழுத உட்கார்ந்த போதெல்லாம் களைப்பு முந்திக்கொண்டது. இப்போதும் களைப்புத்தான். ஆனால் இது எனக்கும் உனக்கும் மட்டுமான விஷயமாக இல்லாமல் போய்விட்டது. உன் மகள் நிரோஷாவும் இதில் இருக்கிறாள். அதனால் மற்றவர்களும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

நான் கம்பஸில் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம் "கம்ப்யூட்டர்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இப்போதாவது ஒழுங்காகச் சொல்கிறேன். விரலில் கிளிப் மாதிரி மாட்டினால் இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று காட்டுமே, அந்தக் கருவி. அது விரலுக்குள் இரண்டு விதமான ஒளியை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. தேயிலைக் கொழுந்து எடுக்கும் கையில் அது தடுமாறும். கறை ஒளியை மறைக்கும், தோல் காய்த்திருக்கும், குளிரில் விரல் நுனிக்கு இரத்தமும் சரியாக வராது. அப்போது கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதனால்தான் நம் பக்கத்துத் தோட்டங்களில் நோயாளிகளைப் பார்க்கும் மருந்துக் காம்பராக்களில் அந்த எண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. "கொழுந்து எடுக்கிற கைக்கு அப்படித்தான் காட்டும்" என்று கழற்றி வைத்துவிடுவார்கள். ஒருநாள் உண்மையிலேயே குறைந்தால் யார் நம்புவார்கள்? இந்தக் கேள்வியோடுதான் ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

நான் வடிவமைப்பது அந்தக் கருவிக்குள் இருக்கப்போகும் ஒரு சிப். ஒவ்வொரு நாடித்துடிப்பையும் பார்த்து, எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று அதுவே முடிவெடுக்க வேண்டும். இண்டர்நெட் தேவையில்லை, ஒரு சின்ன பற்றரி போதும். சிப் என்று பெயர்தான், இப்போதைக்கு அது ஒரு பெட்டிக்குள் இருக்கும் சுற்றுப்பலகை. நீ அதற்குச் "சோத்துப்பெட்டி" என்று பெயர் வைத்தாய்.

அன்று கண்டியிலிருந்து தோட்டத்துக்கு வேனில் வந்தோம். பேராசிரியர், என்னோடு படிக்கும் இரண்டு பேர், நான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கொழுந்து எடுக்கும் எல்லாரையும் நீ உட்கார வைத்திருந்தாய். உன்னோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். தீபாவளிச் சேலைகள். மடியில் விரித்து வைத்த கைகள் எல்லாம் சிவந்திருந்தன. அறை முழுக்க எலுமிச்சை வாசம்.

"வாடி கம்பஸ்காரி. பாத்தியா, ஒருத்தி கையில ஒரு பொட்டு கறை இருக்கா? எலுமிச்சங்காயும் தேங்காநாரும் குடுத்து, நானே பக்கத்துல நின்னு தேய்க்க வச்சேன்."

பக்கத்து லயத்தில் குடியிருக்கும் பாக்கியம் அக்கா கையைத் தூக்கிக் காட்டினார். "தோலே உரிஞ்சிருச்சு தங்கச்சி. ஒங்க அக்கா எங்கள பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நெனச்சிட்டா."

"சும்மா இரு பாக்கியம். படிச்சவங்க வர்றாங்க. நம்மள அழுக்குன்னு நெனச்சிட்டுப் போகணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பின்னால் பேராசிரியர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னது, "நல்லது அக்கா."

தேய்த்த தேய்ப்பில் விரலுக்கெல்லாம் இரத்தம் ஓடி வந்திருந்தது. நாடித்துடிப்பு திரையில் வரைந்து வைத்த மாதிரி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, காது மடலில் மாட்டும் பெரிய ஆஸ்பத்திரிக் கருவியையும் கொண்டுவந்திருந்தோம். அதை மாட்டும்போது நீ, "காதுல மாட்டுறதுன்னா தங்கத்துல குடுக்கணும்" என்றாய். இரண்டு கருவிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. திரும்பும் வழியில் பேராசிரியர் சந்தோஷமாக இருந்தார். நோர்வூட் தாண்டும்வரை, சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஹட்டன் வந்தபோது அந்த நினைப்பும் ஓய்ந்துவிட்டது.

கட்டுரையில் எழுதினேன்: கொழுந்து எடுக்கும் பெண்களின் கைகள், வேலை நேரத்தில் இருக்கும் நிலையில். முதல் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியையும் எழுதிவிட்டேன். கட்டுரையை ஒரு மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த முறை வந்தபோது, மழைக்காலத்தில் உனக்கு இருமல் வருமே என்று, பெட்டி ஒன்றை உன்னிடமே விட்டுவிட்டு வந்தேன். நீ அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நிரோஷாதான் எனக்குப் போன் எடுத்தாள்.

"சின்னம்மா, அம்மாவுக்கு மூணு நாளா காய்ச்சல். மிசின்ல எம்பத்தி நாலுதான் காட்டுது. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போகக் கூடாதுன்னீங்களே."

"கை கழுவினாங்களா?"

"இல்ல. நேத்தும் கொழுந்தெடுக்க மலைக்குப் போனாங்க. வந்து படுத்தவங்கதான்."

"அப்ப அது அப்படித்தான் காட்டும். எலுமிச்சங்காய் போட்டு நல்லா தேய்ச்சு, கைய சூடு காட்டிட்டு, மறுபடி வச்சுப் பாரு."

பின்னால் உன் குரல் கேட்டது. "என்னவாம்? கை கழுவலன்னு ஏசுறாளா? படிக்கப் போனதுல இருந்து அவளுக்கு ரொம்ப சுத்தம்." சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை.

அரை மணி நேரத்தில் மறுபடி எடுத்தாள். "தேய்ச்சு விட்டேன் சின்னம்மா. இப்ப எம்பத்தாறு."

"பாத்தியா, ஏறுது," என்றேன்.

எந்தக் கேள்வியோடு இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினேனோ, அந்தக் கேள்வியில் வரும் நம்பாத ஆளாக நானே இருந்தேன். அந்தப் பெட்டி கழுவிய கைகளில் மட்டும்தான் சரிபார்க்கப்பட்டது என்பது உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். என் கட்டுரையைப் படித்த வேறு யாராக இருந்தாலும் அந்த எண்ணை நம்பியிருப்பார்கள். உன்னை அன்றே கொண்டுபோயிருப்பார்கள்.

மறுநாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கண்டியிலிருந்து நேராக அங்கே வந்தேன். நிரோஷாவின் அப்பா கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்குள் உன்னைத் தனி வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். நிமோனியா. இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், வீட்டில் மிசின் எவ்வளவு காட்டியது என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். "சரியாத்தானே காட்டியிருக்கு" என்றார். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. குறிப்பில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

நிரோஷா இப்போது ஹட்டனில் அவள் அத்தை வீட்டில் தங்கி உயர்தர வகுப்பு படிக்கிறாள். உயிரியல் எடுத்திருக்கிறாள். என்னோடு நன்றாகத்தான் பேசினாள், அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிட்டு. கேட்டுவிட மாட்டாளா என்று இருக்கும். கேட்டுவிடுவாளோ என்றும் இருக்கும்.

மாநாட்டுக்குக் கட்டுரையின் இறுதி வடிவத்தை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. கூடப் படிப்பவளிடம் சொன்னேன். "கழுவிய கைகள் என்று ஒரு சொல் சேர்த்துவிடு, முடிந்தது" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கழுவிய கைக்குக் கடையில் விற்கும் கிளிப்பே போதுமே. என் சிப் எதற்கு? பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "மறுபடி அளந்து பார். கட்டுரையைத் திரும்பப் பெற்றால் உன் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும், தெரியுந்தானே?" என்றார்.

போன மாதம் தோட்டத்துக்குப் போனேன். இந்த முறை யாரையும் தயாராகச் சொல்லவில்லை. மத்தியானம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலையிலிருந்து நேராக இறங்கி வந்தார்கள். கையை நீட்டச் சொன்னதும் எல்லாரும் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"இந்தக் கையோடயேவா?" என்றார் பாக்கியம் அக்கா. "ஒங்க அக்கா இருந்திருந்தா என்னை வெரட்டி வெரட்டி அடிச்சிருப்பா."

அப்போதுதான் சொன்னேன். கறை எதற்கு வேண்டும் என்பதை, அன்றைய அளவுகள் ஏன் செல்லாது என்பதை, உன் கையில் வந்த எண்ணை நான் நம்பாமல் போனதை. அவர்கள் உன்மேல் பழி போட்டுவிடக் கூடாதே என்று, தப்பு அக்காவுடையது இல்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி?"

"சொல்லியிருக்கலாம்."

"எங்களுக்கு வெக்கமா இருக்கும்னு சொல்லலியா? இல்ல, ஒன்னோட வந்த அந்த கம்பஸ் சேர் முன்னால ஒனக்கு வெக்கமா இருந்துச்சா?"

தராசுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குத்தான்" என்றேன்.

இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியில் கையைத் துடைக்கப் போன பாக்கியம் அக்கா, பாதியில் நிறுத்திவிட்டு விரலை நீட்டினார். ஒவ்வொருத்தராக வந்தார்கள். பதினேழு பேர். காதுக் கருவி காட்டியதைவிடப் பதினொருவரின் கையில் பெட்டி குறைத்துக் காட்டியது. உன் கையில் அன்றைக்கு ஏன் சரியாகக் காட்டியது, அக்கா? தற்செயலா? எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை.

பெட்டியை மூடும்போது பாக்கியம் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "ஒங்க அக்கா மக எங்கிட்ட அழுதுச்சு. அம்மா கைய நான் சரியா தேய்க்கல, அதான் மிசின் தப்பா காட்டிருச்சுன்னு. பச்சப்புள்ள இத்தன மாசமா அத மனசுல வச்சிருக்கு. அதுகிட்டயும் போய் இத சொல்லிரு."

இத்தனை மாதமாக அவள் என்னிடம் கேட்காமல் இருந்தது இதைத்தான். நான் அவளுடைய கோபத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். அவளோ என் கோபத்துக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அங்கிருந்து பஸ் எடுத்து நேராக ஹட்டனுக்குப் போனேன். டியூஷன் விட்டு வந்தவளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப மிசின் சரியாத்தான் காட்டுச்சா?"

"ஆமா."

"நான் தேய்ச்சதும் சரியா?"

"எல்லாம் சரி. நான்தான் நம்பல."

புத்தகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். தேநீர் அப்படியே இருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன், அக்கா. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது. அந்தப் பதினேழு பேரின் அளவுகளையும் வந்தபடியே எழுதி வைத்திருக்கிறேன். பெட்டியை முதலிலிருந்து மாற்ற வேண்டும். அதற்குத் தேவையான தெம்பு இப்போது இல்லை, வரும் என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் ஹட்டனுக்குப் போவேன். அவள் கதவைத் திறந்தாலும் போவேன், திறக்காவிட்டாலும் போவேன்.

இதுவரை மூன்று ஞாயிறு போயிருக்கிறேன். நிரோஷா இன்னும் என்னோடு பேசவில்லை.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
சாந்தினி