மூக்கரின் நான்கு புட்டிகள்

அன்புச் சின்னவளுக்கு,

இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் நலம். அப்பா, தான் நலமென்று நம்பிக்கொண்டிருக்கிறார். உனக்கு இருமல் நின்றதா?

நீ போனில் விளக்கியது மறக்கவில்லை. மூக்கின் உள்தோலுக்கு அடியில் தூங்கும் ஸ்டெம் செல்கள், தோல் கெட்டுப்போனால் விழித்து, வாசனை அறியும் புது நரம்பணுக்களைப் பெற்றெடுக்குமாம். உன் ஆய்வக எலிகளுக்கு மோப்பம் அப்படித்தான் திரும்பியதாம். அப்பா இதைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. ஆனால் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொன்னது வேறு. சிலிண்டர் வண்டியிலிருந்து விழுந்து பின்மண்டை அடிபட்டு அப்பாவுக்கு மோப்பம் போனதே, அன்று வாசனை நரம்புகள் அறுந்தது மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் சல்லடைபோல் இருக்கும் எலும்பில். ஓட்டைகளைத் தழும்பு மூடிவிட்டது. புதுசா பொறக்கும்மா, ஆனா போய்ச் சேர வழியில்ல என்றார். கதவு வரை வந்து நிற்கும். சாகும். மறுபடி பிறக்கும்.

நீ சொன்ன பயிற்சியை அப்பா விடவில்லை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு புட்டித் தைலம். கண்ணை மூடி முகர்ந்து பேர் சொல்ல வேண்டும். சில வாரங்களாக நான்கும் சரி. உனக்குப் போன் செய்து அழுதேனே, அது சந்தோஷம். பிறகுதான் அவர் கட்டைவிரலைக் கவனித்தேன். எலுமிச்சைப் புட்டியின் வாயில் சில்லு பெயர்ந்திருக்கும். கிராம்பு குட்டை. ரோஜாவின் கழுத்தில் மேடாக ஒரு வரி. விரல் தடவியதும் பேர் வந்துவிடுகிறது. நான்கையும் சோப்புப் போட்டுக் கழுவி வெறும் தண்ணீர் ஊற்றி வைத்தேன். முகர்ந்தார். எலுமிச்சை, இன்னைக்கு நல்லா தூக்கலா இருக்குடி என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை, சின்னவளே. பொய்யாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நேற்று அப்பாவின் காஸ் கிடங்கு மேனேஜர் வந்தார். எங்க மூக்கர் எப்ப வர்றார், கசிவு மீட்டர் கத்துறதுக்குள்ள இவர் கத்திடுவாரே என்று சிரித்தார். பொண்ணு இதே ஆராய்ச்சிலதானே இருக்கு, சரியாப்போச்சுன்னு ஒரு வரி எழுதித் தரட்டும், மறுநாளே வேலைக்கு எடுத்துக்கறேன் என்றார். அப்பா சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கேட்பார்.

எழுதிக் கொடுக்காதே. கெஞ்சுவார், கொடுக்காதே. அங்கே காஸ் கசிந்தால் இவர் ஒன்றுமில்லை என்பார், இவர் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். ஏன் மாட்டேன் என்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வாயோ, எனக்குத் தெரியவில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே. உன்மேல் கோபப்படட்டும். என்மேல் என்றால் வீட்டில் பேச ஆளே இருக்காது.

நீ நன்றாயிரு, உன் எலிகளும் நன்றாயிருக்கட்டும். ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்பைப் பற்றவை. இங்கே காஸ் குழாயை இப்போது நான்தான் குனிந்து முகர்ந்து பார்க்கிறேன், அவர் தூங்கியதும்.

எலுமிச்சை தீரப்போகுது, புதுசு வாங்கணும் என்றார் காலையில். வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன்
அம்மா