கடைசி வரிசை

குவாங்சோ
3 அக்டோபர் 1994

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ மாடிப்படியில் விழுந்ததை எதிர்வீட்டு மெங் அக்கா எழுதித்தான் தெரிந்துகொண்டேன். பெற்ற மகளுக்கு ஒரு வரி எழுத உனக்கு மனம் வரவில்லை. பூங்காவில் சொல்லிக்கொடுக்கும் தாய்ச்சிப் பயிற்சியைப் பழகினால் கால் உறுதிப்படும் என்று மருத்துவர் சொன்னாராமே, போய்ப் பழகு. இன்னொரு முறை விழுந்தால் பேச்சே கிடையாது. வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிட வேண்டும்.

கோபத்துடன்,
ருய்லிங்


ஹண்டான்
20 நவம்பர் 1994

என் செல்லம் ருய்லிங்குக்கு,

பேச்சே புரியாத உன் ஊரில் வந்து நான் ஊமையாக உட்கார்ந்திருக்க வேண்டுமா? அதற்குப் பயந்தே பூங்காவுக்குப் போனேன்.

இந்த வயதில் தடுமாறுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று கடைசி வரிசையில் ஒளிந்துகொண்டேன். பாதியில் எல்லோரும் பின்பக்கம் திரும்பினார்கள். கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது. நான் தப்பாகக் கையை வீச, என்னைப் பார்த்துப் பாதிக் கூட்டம் அப்படியே வீசியது. மானமே போயிற்று.

சொல்லிக்கொடுக்கும் தோங் சிரித்துவிட்டார். “புதுசா வர்றவங்க நடுவுல நிக்கணும்மா. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாத்துச் செய்ய ஆள் இருக்கும்ல?” என்றார்.

அங்கே பழகும் மெங் என் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்தாள். “வா, விழுந்தாலும் எங்க மேலதான் விழுவ.”

நல்ல மனுஷி. இப்போது தினமும் போகிறேன்.

உன் அம்மா


ஹண்டான்
4 ஜனவரி 1995

ருய்லிங் கண்ணு,

நேற்று விழுந்துவிட்டேன். குளிர்காலத்துக்கென்று கீழே வாசலில் அடுக்கி வைத்த முட்டைக்கோஸை எடுக்கப் போன இடத்தில் பனிக்கட்டி வழுக்கியது. முன்பென்றால் மரம் மாதிரி சாய்ந்திருப்பேன். இந்தத் தடவை பூங்காவில் பழகியபடி முழங்கால் தானாக மடிந்தது, பாரம் பின்காலுக்குப் போயிற்று, மெதுவாக உட்கார்ந்துவிட்டேன். எலும்புக்கு ஒன்றுமில்லை. நானே எழுந்து, முட்டைக்கோஸையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன்.

தோங்குக்கும் மெங்குக்கும் தினைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், காரணம் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆனாலும் விழுந்தது விழுந்ததுதான். யாரும் பார்க்கவில்லை, மெங்குக்குக்கூடத் தெரியாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன். பெட்டி கட்டச் சொன்னால் கட்டுகிறேன்.

உன் அம்மா


குவாங்சோ
14 ஜனவரி 1995

அம்மா,

படித்துவிட்டு அழுதேன். நீ விழுவாய் என்று மட்டும் நான் பயப்படவில்லை. விழுந்துவிட்டு என்னிடம் சொல்லாமல் கிடப்பாயே என்றுதான் இத்தனை நாளும் தூக்கம் வராமல் இருந்தேன். சொல்லிவிட்டாய், எனக்கு அது போதும்.

பெட்டி கட்ட வேண்டாம். புத்தாண்டு வசந்த விழாவுக்கு நான் வருகிறேன். தோங் ஐயாவையும் மெங் அக்காவையும் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட வேண்டும். நீ உன் வீட்டிலேயே இரு.

நன்றியுடன்,
உன் மகள்