மூடுபனிக் கப்பலில் கொலை செய்தது யார்

அன்புத் தம்பி நெட்டையனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குத் தொண்டைக் கட்டு. உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போன முறை சிறைக்கு வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் நாற்காலி காலியாகவே கிடந்தது. "வர இஷ்டமில்லைன்னு சொல்லிட்டாரும்மா" என்றார் காவலர். கொண்டுவந்த துணிகளை அவரிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

நேற்று வக்கீல் வந்தார். நல்ல செய்தியாக இருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன், உனக்குத் தெரியாதா? கடைசி மேல்முறையீடும் தள்ளுபடி. ஆயுள் தண்டனை அப்படியே இருக்கிறது. "இதுக்கு மேல போறதுக்கு இடமில்லைம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அம்மா கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் கூடத் தொடாமல் போய்விட்டார்.

போகட்டும். நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "மூடுபனிக் கப்பல்" முடிந்துவிட்டது. அங்கே டிவி பாதியில் பழுதாகிப்போனதால் கொலை செய்தது யாரென்று தெரியாமல் மண்டை காய்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த ஜப்பானிய அனிமேக் கார்ட்டூன் தொடரில் வரும் எட்டு வயதுச் சிறுமிக்கு நான்தானே டப்பிங், அதனால் எனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று உனக்கு ஒரு நினைப்பு. எங்கள் தொழில் அப்படி இல்லையடா. ஒரு சின்ன அறை, ஒரு மைக், என் வசனம் மட்டும். மற்றவர்கள் பேசுவது என் காதுக்கு வராது. நானும் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்துதான் முடிவைப் பார்த்தேன்.

சும்மா நல்லா இருக்குன்னு மழுப்பாதே, நிறை குறை ரெண்டையும் சொல்லு என்பது உன் உத்தரவு. முதலில் நிறை. கப்பல் மூடுபனியில் சிக்கி நிற்பதை வரைந்திருக்கிறார்கள் பார், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். துப்பறியும் சமையல்காரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே யோசிப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. தடயம் எதையும் ஒளித்து வைக்கவில்லை. ஈரச் செருப்பை முதல் பகுதியிலேயே காட்டிவிட்டார்கள், நாம்தான் கோட்டை விட்டோம்.

குறை என்றால் எங்கே தொடங்குவது? நடுவில் பயணிகளுக்குப் பாட்டுப் போட்டி நடத்தி இரண்டு பகுதிகளை வீணடித்தார்கள். பக்கத்து அறையில் பிணம் கிடக்கிறது, இவர்கள் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்! எல்லோருக்கும் கண் மட்டும் தட்டு அளவுக்கு இருக்கிறது, ஒருத்தருக்கும் எதிரில் நடப்பது தெரியவில்லை. கொலை செய்த ஆளும் சமையல்காரி பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, பிறகு தானாகவே ஒப்புக்கொண்டு அழுகிற ஆள். உன்மேல் போட்ட கொலை வழக்கில் அப்படி ஒருத்தர் நமக்கு வாய்க்கவில்லை.

பெரிய குறை ஒன்று உண்டு. பழி எஞ்சின் அறைக்காரர் மேல் விழுந்தது வரைக்கும் நீ பார்த்துவிட்டாய். கடைசிப் பகுதியில் என் சிறுமி எல்லோர் முன்னாலும் வந்து, "அந்த நேரத்துல மாமா என்கூடத்தான் இருந்தாங்க" என்று சொல்கிறாள். அவ்வளவுதான். விலங்கை அவிழ்த்துவிட்டார்கள். காவல் அதிகாரி குனிந்து மன்னிப்பு வேறு கேட்கிறார். இதை எப்படி நம்புவது, சொல்.

நானும் நீதிமன்றத்தில் அதையேதானே சொன்னேன். அந்த நேரத்தில் தம்பி எங்கள் வீட்டில் அலமாரிக் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தான் என்று அழுகையோடு சொன்னேன். தட்டச்சு செய்கிறவருக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றார்கள். திரும்பச் சொல் என்றால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். அதே வேகம், அதே மூச்சு, குரல் உடைகிற இடமும் அதே இடம். பழகிய தொண்டை அப்படியே செய்துவிட்டது. "நீங்க அழறதுக்கும் சம்பளம் வாங்குறவங்கதானே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதும் கூடத்தில் சிரித்தார்கள். ஒத்திகை பார்த்த சாட்சி என்று தீர்ப்பில் எழுதினார்கள். உனக்குத் தெரிந்த கதைதான்.

சிறுமியின் வசனத்தை ஒரே டேக்கில் முடித்தேன். "நிஜமா அழற மாதிரியே இருக்குக்கா, பிரமாதம்" என்றார் ஒலிப்பதிவாளர். அது ஒளிபரப்பானபோது அம்மா டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதையேதானே நீயும் சொன்ன? அங்க மட்டும் ஏன் யாரும் கேக்கல?" என்றாள். எழுந்து போய் விளக்கைப் போட்டேன். நீ சரிசெய்த அலமாரிக் கதவு இன்னும் ஒழுங்காகத்தான் மூடுகிறது.

இதுவும் தள்ளுபடியானால் இனி என்னைப் பார்க்க வராதே, நான் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தைரியமாக இரு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. எதை நம்பிச் சொல்வது?

அதனால் கொலை செய்தது யாரென்று இதில் எழுதப்போவதில்லை. திட்டிக்கொள். நான் அடுத்த முறை வரும்போது கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார், சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயா, நீங்கள் தொடரைப் பார்த்திருந்தால் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாம் பாகம் எடுக்கப்போவதில்லை என்று ஸ்டூடியோவில் சொல்லிவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டால், அதற்கு அடுத்த முறை உன்னை வரவழைக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. இந்த ஒரு தடவை வாடா.

சாப்பிடு. உயிரோடு இரு, கண்ணா.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
அக்கா