அசையாத கிரேன்

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தில் மூன்று விஷயங்கள்:
1. நம் வட்டார வங்கியின் பங்கு நிலவரம்.
2. அதில் இருந்த ஆபத்து.
3. உன் அவசரபுத்தி.

பங்கு விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஐந்து ஆண்டறிக்கைகளை அடிக்கோடிட்டுப் படித்து, "லாபம் ஏறுது, வாராக்கடன் கம்மி, விக்காதேம்மா" என்று சொன்னவன் நான்.

நீ ஜன்னலைத் திறந்தாய். "எதிர்ல அந்தக் கிரேன் அசைஞ்சு எத்தனை மாசம் ஆச்சுப்பா? ஊர்ல பாதிக் கட்டடம் இப்படித்தான் நிக்குது. எல்லாம் இந்த பேங்க் கொடுத்த கடன்!" ஆபத்து அதுதான். அறிக்கை அந்தக் கடன்களை இன்னும் நல்ல கடன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நான் மறுபடி கணக்குப் போட உட்கார்ந்தேன். நீ அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, விலை சரியும் முன்பே அவள் பங்குகளை விற்றுவிட்டாய்.

அந்தப் பணத்தில்தான் அவளுடைய இதய அறுவை சிகிச்சை நடந்தது. இன்று வார்டில் மெல்ல நடந்தாள். "உங்க அறிக்கைய நம்பியிருந்தா, இந்நேரம் சுவத்துல படமாத் தொங்கியிருப்பேன்" என்று, நர்ஸ் அதட்டும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, மகளே.

மூன்றாவதுக்கு வந்துவிட்டேன். அதை அவசரபுத்தி என்று எழுதியது என் தவறு. மையில் எழுதியதை அடிக்க எனக்குக் கை வராது, நீயே அடித்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா