மைக்செட்டுக்குச் சேராத கனெக்டர்

சித்திரை 9, வெள்ளி.

அப்பாவின் மைக்செட் பழைய சீமைப் பெட்டி. அதன் கரண்ட் கனெக்டரை விளையாட்டாக ஒளித்து, எஸ்டேட் தேயிலைச் செடிகளுக்குள் தொலைத்தது நான். எலி இழுத்துப் போனதாக அவர் நம்புகிறார்.

இன்று வண்டிப்பெரியார் கடைக்காரர் எட்டுக் கனெக்டர் எடுத்துக் காட்டினார். ஜாதகம் பார்த்தது போல ஒன்றுக்கும் பொருத்தமில்லை.

"இதுக்குள்ளது மதுரையிலதாம்லே கெடைக்கும். ஒங்கப்பன் பெட்டிய வித்தாலும் வாங்க முடியாது," என்றார். சிரித்தேன்.

நாளை எங்கள் லயத்து வீடுகளின் கோயில் கொடை விழா; அப்பாவின் மைக்செட்தான் பாட வேண்டும். அப்பா வயரைச் சீவி, பெட்டியில் கனெக்டர் செருகும் பித்தளைக் கால்களில் வெறும் கம்பியாகவே சுற்றி, சைக்கிள் டியூப் துண்டால் கட்டினார். வெளியே மழை.

"நீ கிட்ட வராதலே. கரண்டு அடிச்சா எனக்கு அடிக்கட்டும்."

எதற்கும் பதில் வைத்திருக்கும் நான், "சரிப்பா" என்றேன்.

விடிந்ததும் அவர்தான் சுவிட்சைப் போடுவார். எனக்குப் பயம்கூட வரவில்லை. தொலைத்தது நான்தான் என்று இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.